நானூற்றுப் பதினேழாம் எண் கோட்டு

மூன்று நாளாகக் கொக்கி சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று நாளைக்கு முன் புதுக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர், உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய பழைய கோட்டைப் பார்த்து முகம் வெளுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாரே, அன்றிலிருந்து அப்படித்தான். மனைவி வைத்த தட்டு வைத்தபடியே இருக்கும். கேட்டால், பசியில்லை என்பார். வற்புறுத்தினால், பல் வலி என்பார். அவருக்கு மேல் வரிசையில் பல்லே கிடையாது.

கொக்கி என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். இரும்பு வார்க்கும் அந்த ஆலையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். ஆலை மூடி ஆறு வருடம் ஆகிறது. ஊரில் பத்துப் புகைபோக்கிகள் இருக்கின்றன. ஒன்றில்தான் இப்போது புகை வருகிறது. அதுவும் ரொட்டி சுடும் புகை.

புகை நின்ற பிறகுதான் ஊருக்கு மவுசு வந்தது என்று சொல்ல வேண்டும். ‘உலைக்களம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு துணிக் கம்பெனி வந்து இறங்கியது. உலைக்காரர்கள் போட்ட தடித்த கோட்டைப் போலவே கோட்டுத் தைத்து, முழங்கையைத் தேய்த்து, பையில் கரிக்கறை வைத்து, வெளியூர்ப் பணக்காரர்களுக்கு விற்றது. தெருவுக்குத் தெரு பெரிய விளம்பரம். முகமெல்லாம் கரியோடு ஒரு இளைஞன். கீழே, ‘வியர்வை பொய் சொல்லாது.’ அந்த இளைஞன் விமானத்தில் வந்தவன். கரி ஒரு டப்பாவில் வந்தது. டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நம்முடைய வாயாடி, கொக்கியின் ஒரே மகள்.

அந்தக் கம்பெனியில் அவள் சேர்ந்து நான்கு மாதம். உள்ளூர் ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது, இடம் காட்டுவது, பழைய சாமான் தேடித் தருவது என்று எல்லாமே அவள் வேலை. மாதிரிக்கு உண்மையான பழைய கோட்டு ஒன்று வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது, அவள் தேடி அலையவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கம்பெனிக்காரர்கள் அதை நூல் விடாமல் நகல் எடுத்தார்கள். காலருக்கு உள்பக்கம் நீல நூலில் தைத்திருந்த 417 என்ற எண்ணைக்கூட விடவில்லை. அப்பா பார்த்தால் பூரித்துப் போவார் என்று அவள் நினைத்தாள். நடந்ததுதான் நமக்குத் தெரியுமே.

இன்றைக்கு மாலை நான்கு மணிக்குக் கடைத் திறப்பு. ஆலை வாசலில் ஆள் வருகையைக் குறித்துக்கொண்டிருந்த பழைய டைம் ஆபீஸைத்தான் கடையாக்கியிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு வாயாடி தலை வாரிக்கொண்டே அன்றைய வேலைகளை அம்மாவுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பூ வர வேண்டும், நாற்காலி வர வேண்டும், கடையில் தொங்கப்போகிற அறுபது கோட்டும் மடிப்புக் கலையாமல் வர வேண்டும். கோட்டுகளை ஏழு மணிக்கே வேன் இறக்கிவிட்டது என்றாள். அந்த வேலையை வெளியே யாருக்கும் விடாமல், நம் இஸ்திரி அத்தைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னாள்.

சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“யாருக்கு அனுப்பினே?”

“இஸ்திரி அத்தைக்குத்தான். ஏம்ப்பா?”

“திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லு.”

“அவங்க வேலையை ஆரம்பிச்சிருப்பாங்களே.”

“காலரைப் பார்க்கறதுக்கு முன்னாடி எடுத்துடு.” அவர் கைகள் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தன. “அந்தக் கோட்டு என்னுது இல்லம்மா. அவ புருஷனோடது.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசல்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வாயாடிக்குப் புரிந்தது, இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் இது புதுச் செய்தி.

அப்பா சொன்னதை அவள் பாதி நின்றுகொண்டும் பாதி உட்கார்ந்தும் கேட்டாள்.

ஆலையில் கோட்டு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. காவலாளி பெயரைக் குறித்துக்கொள்வான். வருடத்தில் மூன்று குறி விழுந்தால் வேலை போயிற்று. ஆனால் மறதி எல்லோருக்கும் உண்டு. அதற்கு ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முன்னால் உள்ளே போனவன் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வந்து, தன் கோட்டைக் கழற்றிக் கம்பி வேலியின் இடைவெளியில் வெளியே நீட்டுவான். மறந்தவன் அதைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாக நுழைந்து, மணி அடிப்பதற்குள் திருப்பிக் கொடுப்பான். காவலாளிக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அவன் வானத்தில் மேகம் பார்ப்பான். சின்ன உதவிதான். அந்த ஊர் அப்படிப்பட்ட சின்ன உதவிகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள். அழுக்குப் பொறுக்காமல் கொக்கியின் கோட்டை அம்மா வீட்டிலேயே துவைத்துப் போட்டிருந்தாள். காலையில் அது காயவில்லை. அவருக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு குறி. வேலி வழியாகக் கோட்டை நீட்டியது இஸ்திரி அத்தையின் புருஷன், எப்போதும் சிரித்த முகமாக இருப்பதால் எல்லோரும் சிரிப்பு என்று கூப்பிட்ட உலைக்காரர்.

கொக்கி உள்ளே நுழைந்தபோது வாசலிலேயே போர்மேன் நின்றார். இரண்டாம் கொட்டகையில் கிரேன் சிக்கிக்கொண்டிருக்கிறது, உடனே வா என்று தோளில் கை போட்டு அழைத்துப் போய்விட்டார். கோட்டைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் குறி. பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தார்.

பத்து நிமிடத்தில் உலைப் பக்கமிருந்து விபத்துச் சங்கு ஊதியது.

“விசாரணையில என்ன எழுதினாங்கன்னு உனக்குத் தெரியும்,” என்றார் கொக்கி.

தெரியும். ஊருக்கே தெரியும். பாதுகாப்புக் கோட்டு அணியாமல் உலையருகே நின்றது இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு. வேலையில் இறந்தவர்களின் படத்தை ஆலைச் சுவரில் மாட்டுவார்கள்; கவனக்குறைவான ஆள் என்று சிரிப்பின் படத்தை மட்டும் மாட்டவில்லை. இஸ்திரி அத்தை மட்டும் பத்தொன்பது வருடமாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான்தான் கோட்டுக்குப் பொத்தான் போட்டு அனுப்பினேன். துணி கொடுக்க வருகிறவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு மெதுவாகப் பேச்சை மாற்றுவார்கள். பாவம், துக்கத்தில் கொஞ்சம் குழம்பிவிட்டது என்று வெளியே வந்து பேசிக்கொள்வார்கள். வாயாடியும் அப்படிப் பேசியிருக்கிறாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் கோட்டுகளை இறக்கிவிட்டுப் பூ வாங்கப் போயிருந்தான். அத்தையிடம் போன் கிடையாது. மூன்று தெரு. ஒவ்வொரு திருப்பத்திலும் கரி பூசிய இளைஞன் அவளைப் பார்த்தான். வியர்வை பொய் சொல்லாது என்றான்.

இரண்டாவது தெருவில் மேலாளர் போனில் கூப்பிட்டார். சின்ன வயசுதான், நல்ல மாதிரிதான். முழங்காலில் கிழிந்த கால்சட்டை போடுவார். தைத்துப் போட ஆள் இல்லையா என்று அம்மா ஒருமுறை உண்மையாகவே கவலைப்பட்டாள். பத்து மணிக்குப் புகைப்படக்காரரை இஸ்திரிக் கடைக்கு அனுப்புகிறேன் என்றார் அவர். உலைக்காரரின் விதவை, உழைத்துக் காய்ந்த கை, அந்தக் கையில் நம் கோட்டு. இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். அந்தம்மாவைக் கொஞ்சம் தயார் பண்ணி வை என்றார்.

சரி சார் என்றாள் வாயாடி. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மூன்றாவது தெருவில் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். பழைய துணிக் கடையில் வாங்கினோம், யாருடையது என்று தெரியாது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. அப்பாவும் சாப்பிடுவார், வேலையும் நிலைக்கும். அத்தைக்கு மட்டும் பழையது பழையபடி இருக்கும்.

இஸ்திரிக் கடை ஓர் அறைதான். கருகிய கம்பளி விரித்த நீள மேசை. மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். இடப்பக்கம் தேய்க்க வேண்டிய குவியல், வலப்பக்கம் தேய்த்து முடித்தது. அத்தை எப்போதும் கையை முதலில் தேய்ப்பாள், அடுத்து முதுகு, காலர் கடைசி. வலப்பக்கம் ஆறு கோட்டு இருந்தன. ஆறும் முடிந்தவை.

இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருந்தது. காலை எட்டரை மணிக்கு அந்தப் பெட்டி ஆறிக் கிடந்து வாயாடி பார்த்ததேயில்லை.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கோட்டு, காலர் வெளியே திருப்பியிருந்தது.

“வா. மூச்சு வாங்குதே, தண்ணி குடி.”

வாயாடி குடிக்கவில்லை.

“ஆலையில மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத் துணியையும் ஒண்ணாப் போட்டுத் துவைப்பாங்க,” என்றாள் அத்தை, யாருக்கோ கதை சொல்வது போல. “ஒரு தடவை நானூத்திப் பதினொண்ணோட கோட்டு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. அந்த ஆளு மலை மாதிரி இருப்பார். இவரு அதுக்குள்ள ரெண்டு பேர் குடியிருக்கலாம்னு சொல்லிச் சிரிச்சார். அதுலேர்ந்து ஏழுக்கு இடுப்புல ஒரு குறுக்குக் கோடு தைப்பேன். இந்த ஊர்ல வேற யாரும் அப்படித் தைச்சதில்ல.”

கோட்டின் காலரில் ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு இருந்தது. அந்தக் கோடு மேலாளருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இது ஒன்று போதும் என்று அன்றைக்குக் கைதட்டினார்.

“ஆஸ்பத்திரியில அவர் சாமானை ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. கோட்டு இல்ல. போட்டுட்டு வரலைன்னாங்க.” அத்தை தலை நிமிர்ந்தாள். “இது மெஷின் தையல், புதுசு, எனக்குத் தெரியாதா. ஆனா இதுக்கு மாதிரி ஒண்ணு எங்கேயோ இருந்திருக்கணும்ல?”

பழைய துணிக் கடை என்ற வார்த்தை வாயாடியின் நாக்கு நுனிக்கு வந்தது.

“முதல் கோட்டுல பார்த்தப்போ கண்ணு சரியில்லையோன்னு நினைச்சேன். ஆறையும் திருப்பிப் பார்த்துட்டேன். ஆறுலயும் இருக்கு.” அத்தையின் குரல் தணிந்தது. “நீ படிச்ச பொண்ணு, சொல்லு. எனக்குப் புத்தி நல்லாத்தானே இருக்கு?”

அந்தக் கேள்விக்கு முன்னால் வாயாடி தயார் செய்து வைத்திருந்த பொய் நிற்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு அத்தை. எங்களுக்குத்தான் இல்ல. அந்தக் கோட்டு எங்க வீட்டுப் பெட்டியில இருந்தது.”

வாசலில் நிழல் விழுந்தது. கொக்கி நின்றுகொண்டிருந்தார். சட்டை கசங்கி, ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பின்னால் அம்மா, மூன்று தெரு ஓடி வந்த களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னார். வேலி, வாசல், போர்மேன், பத்து நிமிடம். தன் தப்பில் எதையும் குறைக்கவில்லை. மறுநாள் இங்கே வந்து சொல்லியிருக்கலாம், அதற்கு மறுநாளும் சொல்லியிருக்கலாம், ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போயிற்று என்றார். கோட்டை எரிக்கவும் கை வரவில்லை, கொண்டுவந்து கொடுக்கவும் கால் வரவில்லை என்றார்.

“அன்னிக்கு ஈரமாப் போட்டது நான்,” என்றாள் அம்மா, இருந்த இடத்திலிருந்தே.

அத்தை அவளைப் பார்த்தாள், பிறகு அவரை.

“இந்தப் பெட்டியோட ஒயரை நாலு தடவை மாத்திக் கொடுத்திருக்கீங்க அண்ணே. கூரை ஒழுகினப்போ ஏணி போட்டு ஏறினீங்க. நல்ல மனுஷன்னு நினைச்சு ராத்திரி சாமி கும்பிடறப்போ உங்க பேரையும் சேர்த்துக்குவேன். அந்த நாலு தடவையில ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?”

கொக்கி ஒயரை மாற்றிக் கொடுத்ததெல்லாம் உண்மைதான். அந்த அன்பும் உண்மைதான். ஆனால் கொடுக்க வேண்டிய ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேறு எதைக் கொடுத்தாலும் கை நிறைவதில்லை. இதைக் கடவுள் அவருக்கு மூன்று நாள் பட்டினியில் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“கோட்டைக் கொடுக்கறப்போ என்ன சொன்னார்?” என்று கேட்டாள் அத்தை.

கொக்கி அப்படியே சொல்லிக் காட்டினார். “பத்திரம்டா, இதுல ஒரு நூலு போனாலும் வீட்டுக்காரி ரெண்டு பேரையும் தோலை உரிச்சுடுவான்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.”

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறாக மாறியது. முகத்தைக் கோட்டில் வைத்துக்கொண்டாள். அம்மா போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளேடை எடுத்தாள்.

“இந்த நம்பர் ஒருத்தருக்குக் கொடுத்தது. அறுபது பேருக்கு இல்ல,” என்றாள்.

மெஷின் தையல்தான். முனை நூலை அறுத்து இழுத்தால் வரிசையாகக் கழன்றது. முதல் கோட்டில் 417 போய் வெறும் ஊசித் துளைகள் நின்றன. வாயாடி இன்னொரு பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கொக்கிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவராகவே கீழே உட்கார்ந்து, அறுந்த நீல நூல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் காகிதத்தில் சேர்த்தார்.

இருபதாவது கோட்டில் படக்காரர் வந்தார். பார்த்துவிட்டு மேலாளருக்கு போன் போட்டார். அடுத்த நிமிடம் வாயாடியின் போன் அடித்தது.

மேலாளர் கத்தவில்லை. அந்த எண்ணில்தான் நம் சரக்கின் உயிரே இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அது ஒரு ஆளின் எண், அவர் செத்துப்போனது இப்படி என்று அவள் சொன்னாள். பிறகு அவர், இதை அப்படியே எழுதி வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே, கடையில் ஒரு பலகையில் போடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் வாயாடிக்குப் பயமாக இருந்தது. கரி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நாலு மணிக்குக் கோட்டு வந்துடும் சார். நம்பர் வராது.”

அப்படியானால் நாளையிலிருந்து நீயும் வர வேண்டாம் என்று அவர் சொன்னார். சரி சார் என்றாள். இந்த முறை அது பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை.

வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அத்தை அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தண்ணீர் டம்ளரை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள். இந்தத் தடவை அவள் குடித்தாள்.

“கடையை யார் திறந்து வைக்கிறாங்க?” என்று கேட்டாள் அத்தை.

அழைப்பிதழை அச்சடித்தவளே வாயாடிதான். “பழைய போர்மேன். தொழிலாளிகளோட முகம்னு போட்டிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற அந்த நிஜக் கோட்டை அவர்தான் எடுத்துக் காட்டப் போறார்.”

நூல் பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கியின் கை நின்றது.

“அவருக்குத் தெரியும்,” என்றார். குரல் தரையிலிருந்து வந்தது போல இருந்தது. “அடக்கம் பண்ணின மறுநாள் அவர்கிட்ட போய்ச் சொன்னேன். கோட்டையும் காட்டினேன். அதைப் பெட்டியில போட்டுப் பூட்டு, வாயையும் பூட்டுன்னார். விசாரணை அறிக்கையை எழுதினது அதுக்கப்புறம்தான்.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “அதனால என் தப்பு குறைஞ்சுடாது. பூட்டினது என் கைதான்.”

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போயிற்று. மாலை நான்கு மணி, எல்லோரும் வருக என்றது. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால்.

அத்தை ஒயரைச் சுவரில் செருகினாள். இஸ்திரிப் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நாலு மணிக்கு அங்க நிப்பீங்களா அண்ணே? என்கிட்ட சொன்னதை அவர் முகத்துக்கு நேரா, அத்தனை பேர் முன்னாடி சொல்வீங்களா?”

கொக்கி எழுந்து நின்றார். “சொல்றேன்மா.”

“அப்படீன்னா சட்டையைக் கழட்டிக் கொடுங்க,” என்றாள் அத்தை. “இவ்வளவு கசங்கலோட அங்க போய் நின்னா, அதையே சாக்கா வெச்சு உங்க பேச்சையும் குழப்பம்னுடுவாங்க. எனக்குத் தெரியும்.”

அவர் மாறிப் போட்டிருந்த பொத்தான் சிக்கிக்கொண்டது. மகள் வந்து கழற்றி விட்டாள். பனியனோடு நின்றவருக்கு அம்மா தன் துண்டைப் போர்த்தினாள். அத்தை சட்டையை வாங்கிக் கம்பளியில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். பத்தொன்பது வருடம் தன்னைக் குழப்பக்காரியாக்கிய மனிதனின் சட்டை. கையை முதலில் தேய்த்தாள், அடுத்து முதுகு. ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது.

கடைசியாகக் காலரைத் திருப்பி வைத்துப் பெட்டியை மெதுவாக அழுத்தினாள்.